இரண்டாவதாகப் பேசியவன்

வெள்ளையனின் வலது கை விரல்களை நசுக்கியது குணசேகரன். அதற்குக் காரணம் எடுத்துக் கொடுத்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வழக்கம்போல் பாதிக் கதைக்குள் என்னை நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன்.

என் பெயர் சுதாகர். சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறேன். வேலை சுத்தம், வாய்தான் மோசம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அதில் முதல் பாதியும் பொய் என்பது இந்தக் கதையில் தெரிந்துவிடும்.

ஆரம்பித்தது 2006-இல். அப்போது கொல்லிமலை மேலே சோளக்காட்டில், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, சசிதரன் என்பவர் டைப்பிங் கடை வைத்திருந்தார். மனு, விண்ணப்பம், காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அங்கேதான். கடைக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். நாமக்கல்லில் யாரோ நாலு வருஷம் உழைக்க வைத்துத் தள்ளிவிட்ட பென்டியம் ஃபோர். அந்த வகையறாவுக்குப் பிறவியிலேயே உடம்பு சூடு. உள்ளே பிராசஸர் மேல் சீப்புப் பற்கள் மாதிரி ஓர் அலுமினியக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதன் மேல் ஒரு விசிறி. சூடு ஏறினால் விசிறி வேகமாகச் சுற்றும், இறங்கினால் அடங்கும். இவ்வளவுதான் விஷயம். சசிதரனின் மிஷின் போட்ட அரை மணி நேரத்தில் மிக்ஸி போல் அலறும்.

தீபாவளி முடிந்த வாரம் என்னைக் கூப்பிட்டார். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ் என்னைக் குலுக்கிப் போட்டிருந்தது. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அலுமினியக் கட்டிக்கும் பிராசஸருக்கும் நடுவே ஒரு பசை இருக்கும். சூட்டைக் கட்டிக்குக் கடத்துவது அதுதான். அது காய்ந்து பொரிந்துபோனால் விசிறி தலைகீழாக நின்று சுற்றினாலும் பிரயோஜனமில்லை. கட்டியைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுசு தடவி மாட்ட வேண்டும். ஆனால் எனக்குப் பசி. எரிச்சல். கீழே இறங்கும் பஸ் வேறு ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்தேன். வாயால் இரண்டு ஊது ஊதினேன். மூடிவிட்டேன்.

டீக்கடை ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கேட்டார்.

"ஏனுங்க, அது எதுக்குங்க இப்புடிக் கத்துது?"

"பக்கத்துல நின்னு யாராச்சும் பொய் சொன்னா கத்துமுங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து சசிதரனின் செல்போன் அடித்தது. எடுத்து, "நான் நாமக்கல்லுல இருக்கறனுங்க, பொழுதோடதான் வாரேன்" என்று யாருக்கோ டிமிக்கி கொடுத்தார். விசிறி குப்பென்று ஏறியது. கடையே சிரித்தது. மலைக்காரர்களுக்கு இது போதும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன். அந்த நினைப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்கலாம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. களவு, வரப்புச் சண்டை, எதுவானாலும் கோயில் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். செய்துவிட்டால் பேச்சு முடிந்தது, அதற்கு மேல் யாரும் யாரையும் தொட மாட்டார்கள். அந்த வருஷம் பூசாரி வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு. தீட்டு என்று நடையைச் சாத்திவிட்டார்கள். சித்திரையில் நோன்பு சாட்டித் திருவிழா தொடங்கும்வரை சத்தியம் கிடையாது. சத்தியத்தை நிறுத்தலாம், சண்டையை நிறுத்த முடியுமா? முதலில் விளையாட்டாகத்தான் டைப்பிங் கடைக்கு வந்திருக்கிறார்கள். காணாமல் போன கோழி, சீட்டாட்டத் தகராறு. மிஷின் முன்னால் நின்று சொல்ல வேண்டியது, விசிறி என்ன செய்கிறது என்று கேட்க வேண்டியது.

தை பிறந்தபோது விளையாட்டு போய்விட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள். மிஷினுக்குத் திருநீறு பூசினார்கள், சூடம் காட்டினார்கள். மலைப்பனி தாங்காது என்று சசிதரன் ஒரு கம்பளியை வேறு போர்த்திவிட்டார். திருநீறும் சூடக் கரியும் உள்ளே இழுக்கப்பட்டு அலுமினியப் பல்லிடுக்கை அடைத்தன. கம்பளி மூச்சை அடைத்தது. நம்ப நம்ப அது அதிகமாகக் கத்தியது. கத்தக் கத்த இன்னும் நம்பினார்கள். சசிதரன் படித்தவர், அவருக்குத் தெரியும். ஆனால் கடையில் கூட்டம் குறையாமல் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் விடிந்தும் விடியாமல் அவரிடமிருந்து போன் வந்தது.

"சுதாகரு, கெளம்பி வா. மிஷின் ஓயாமக் கத்துது. பத்து மணிக்கு ஊர் கூடுது."

"கம்ப்யூட்டர் கத்துனா ஊரு எதுக்குங்க கூடுது?"

"வந்துரு சாமி. வந்தாத் தெரியும்" என்றார். என்னைச் சாமி என்று அவர் அதற்கு முன் கூப்பிட்டதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சோளக்காட்டில் பனி இறங்கிக் கிடந்தது. கடைப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மேல் உதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது. என் பையைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மிஷினு பாக்கறவருங்களா?"

"ஆமாங்க."

"அது எம்பட ஊட்டுக்காரர் பேச்ச நல்லாக் கேக்கோணுமுங்க. நல்லாக் கேக்கற மாதிரி செஞ்சு குடுங்க சாமி" என்றாள். அவள் பெயர் பாப்பாயி என்று சசிதரன் சொன்னார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டு மீதியையும் சொன்னார்.

குணசேகரன் பேளுக்குறிச்சிப் பக்கத்துக்காரர். பி.காம். படித்தவர். கீழே சொந்த நிலம், மேலே மிளகுக்கொடி குத்தகை. அவருடைய களத்திலிருந்து காய்ந்த மிளகு இரண்டு மூட்டை போய்விட்டது. பாப்பாயியின் புருஷன் வெள்ளையன் மிளகு பறிக்க அடிவாரத்திலிருந்து வந்தவன். ஒற்றை மூங்கில் ஏணியில் நாற்பதடி ஏறி, ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சரம் பறிப்பதில் அவனுக்கு இணையில்லை. களவு போனதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் களத்துப் பக்கம் நடந்து போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான் சாட்சி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மிஷினைப் போட்டிருக்கிறார்கள். குணசேகரன் முன்னால் நின்று, "எம்பட மொளகு ரெண்டு மூட்டையக் காணோம். எடுத்தது இவன்தான்" என்றார். மிஷின் அப்போதுதான் கண் விழித்திருந்தது, சில்லென்று இருந்தது. சத்தமில்லை. அவர் சொன்னதைப் புகாராக டைப் அடித்து முடிக்க அரை மணி நேரம். அப்புறம் வெள்ளையனை முன்னால் தள்ளினார்கள். "நான் எடுக்கலீங்க" என்றான். விசிறி அலறியது.

நாலு பேர் அவனைப் பக்கத்து மிளகுக் குடோனுக்கு இழுத்துப் போய்த் தராசு மேடைமேல் அவன் வலது கையை விரித்துப் பிடித்தார்கள். குணசேகரன் பத்துக் கிலோ எடைக்கல்லைத் தூக்கிப் போட்டார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. நடுவில் விழுந்து தடுத்த பாப்பாயியின் வாயில் ஒருவன் முழங்கையால் இடித்தான். மூட்டை எங்கே என்று வெள்ளையன் சொல்லவில்லை. தெரிந்தால்தானே சொல்வதற்கு. இரண்டு நாளாகக் குடோனில் கட்டிப் போட்டிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் சென்றாயனுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. இன்னொரு தடவை ஊர் முன்னால் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். இன்றைக்கும் மிஷின் கத்தினால் இடது கை என்று குணசேகரன் சொல்லியிருந்தார்.

இரண்டாவதாக யார் பேசியிருந்தாலும் அது கத்தியிருக்கும். குணசேகரன் பின்னால் பேசியிருந்தால் அவர் கைதான் மேடைக்குப் போயிருக்கும். மலைக்காரர்கள் நம்புவார்கள் என்றுதான் நான் சிரித்தேன். நம்பிக் கல்லைத் தூக்கியது எங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டதாரி.

குடோன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். வெள்ளையன் சுவரோரம் சாய்ந்து கிடந்தான். முப்பது வயது இருக்கும். கையைப் பழைய துண்டால் சுற்றியிருந்தார்கள். துண்டு முழுக்கக் கறுத்துப்போய் ஈ மொய்த்தது. வெளியே துருத்திக்கொண்டிருந்த ஒரு விரல் பக்கவாட்டில் மடங்கியிருந்தது. விரல் அந்தத் திசையில் மடங்காது. நான் திரும்பிக் கடைக்கு ஓடினேன்.

"நான் வெளையாட்டுக்குச் சொன்னதுங்க அது" என்றேன் சசிதரனிடம். "போய்ச் சொல்லிப்போடறேன்."

அவர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனாட்டப் பேசாத. இப்ப போயிச் சொன்னா நம்ம ரெண்டு பேத்தையும் இங்கயே பொதச்சுப்போடுவாங்க. நீ அதோட வாய மூடு. அவன் சொல்லும்போது கத்தக் கூடாது. அவனும் தப்பிச்சுக்குவான், நாமளும் தப்பிச்சுக்கலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. கெட்டிக்காரத்தனமாகக்கூடப் பட்டது. அவன் கையும் பிழைக்கும், என் பெயரும் பிழைக்கும்.

கம்பளியை உருவி எறிந்தேன். மூடியைக் கழற்றியதும் உள்ளேயிருந்து சூட வாசனை அடித்தது. விசிறி இறக்கைகளில் கரி அப்பியிருந்தது. அலுமினியப் பற்களுக்கு நடுவே திருநீறு கெட்டித்துச் சுண்ணாம்புச் சுவர் மாதிரி நின்றது, ஒரு துளிக் காற்று போக வழியில்லை. கொக்கியை நெம்பிக் கட்டியைத் தூக்கினேன். அடியில் பசை சாம்பலாக உதிர்ந்தது. பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தேன். ஸ்பிரிட் நனைத்த துணியால் பிராசஸரைத் துடைத்து, முகம் தெரிகிற அளவுக்கு வெளுத்த பிறகு அரிசி அளவு புதுப் பசை வைத்தேன். கட்டியை நேராக இறக்கி இரண்டு பக்கமும் சமமாக அழுத்திப் பூட்டினேன். விசிறியின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய். சுவரோடு ஒட்டிக் கிடந்த கேபினட்டை ஒரு முழம் முன்னால் இழுத்து வைத்தேன்.

மிஷினைப் போட்டு, வேண்டுமென்றே நாலு வேலையை ஒன்றாக ஓடவிட்டேன். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ஓடுகிறதா என்று காதை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு ஒழுங்காக நான் எந்த வேலையும் செய்ததில்லை.

பத்து மணிக்குக் கடை நிறைந்து வாசலும் நிறைந்தது. சென்றாயன் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அறுபது வயது, மெலிந்த உடம்பு, கையில் தடி. குணசேகரன் வெள்ளைச் சட்டையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாலு பேரும் வெள்ளையனை இழுத்து வந்தார்கள். அவனால் நிற்க முடியவில்லை. மிஷினைப் பார்த்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அதைப் பார்த்தபோதுதான் அவனும் அதை நம்புகிறான் என்று எனக்குப் புரிந்தது. தான் எடுக்கவில்லை என்று தெரிந்தும், அது கத்திவிடும் என்று நடுங்கினான்.

"சொல்லு கண்ணு" என்றார் சென்றாயன்.

அவன் மிஷினைவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குணசேகரன் பின்னாலிருந்து அவன் இடுப்பில் ஓர் உதை விட்டார். முகம் குப்புற மேஜைமேல் விழுந்தான். மூக்கிலிருந்து ரத்தம் கீபோர்டில் சொட்டியது.

"நான் எடுக்கலீங்க" என்றான்.

எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வெளியே ஒரு லாரி போனது. மிஷின் சும்மா இருந்தது.

"இன்னொருக்கா சொல்லு."

"மொளகு நான் எடுக்கலீங்க. எம்பட புள்ளமேல சத்தியமுங்க."

சும்மாவே இருந்தது. பாப்பாயி அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். சென்றாயன் எழுந்து தன் கையாலேயே வெள்ளையனின் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். நான் மூச்சு விட்டேன். முடிந்தது, பையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் நினைத்தேன்.

பாப்பாயி எழுந்தாள். நேரே போய் குணசேகரனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். பொத்தான் தெறித்தது.

"அவரு எடுக்கலீன்னு அது சொல்லிப்போடுச்சு. அப்ப எம்பட ஊட்டுக்காரர் கைய ஒடச்சது யாரு? வாங்க. நீங்களும் வந்து இதுகிட்டச் சொல்லுங்க."

ஒரு நிமிஷம் அவர் முகம் வெளிறியது. மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சசிதரனைப் பார்த்தார். கணக்குப் போடுகிறவர் முகம் எனக்குத் தெரியும். அது இன்று யாருக்கும் கத்தாது என்று அவருக்குப் பிடிபட்டுவிட்டது. அவள் கையை மெதுவாக விலக்கிவிட்டு மிஷின் முன்னால் போய் நின்றார்.

"நான் அவனத் தொடவே இல்ல. ஏணியில இருந்து உழுந்தான். கை ஒடஞ்சு போச்சு."

மிஷின் சும்மா இருந்தது.

அந்தக் கடையில் இருந்த முக்கால்வாசிப் பேர் கல் விழுந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். எலும்பு முறிந்த சத்தத்தைக் கேட்டவர்கள். மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையைப் பிடித்த நாலு பேரில் ஒருவன் முன்னால் வந்தான். "ஏணியில இருந்துதானுங்க உழுந்தான்" என்றான். சும்மா இருந்தது. இரண்டாவது ஆளும் வந்து சொன்னான். மூன்றாவது, நான்காவது. ஒவ்வொருவன் குரலும் முந்தினவனைவிடத் தைரியமாக இருந்தது. அவ்வளவு அருமையாக ரிப்பேர் செய்திருந்தேன்.

"மிஷினு ஒண்ணும் சொல்லலீங்களே" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சென்றாயன் தடியைப் பிடித்தபடி தரையைப் பார்த்தார்.

"சசி, அப்புடியே அடிச்சுக் குடுத்துரு" என்றார் குணசேகரன். "ஏணியில இருந்து தவறி உழுந்துட்டான்னு. அவன் பொண்டாட்டி கைநாட்டு வெச்சுருவா. இதோட பேச்சு முடிஞ்சுது."

சசிதரன் உட்கார்ந்தார். கீபோர்டில் இருந்த ரத்தத்தைத் துண்டால் துடைத்தார். டைப் அடிக்க ஆரம்பித்தார்.

அந்தத் தட்டல் சத்தம்தான் என்னைக் கிறுக்காக்கியது. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. கையில் பெரிய ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதன் பிடியால் குணசேகரனின் வாயில் ஓங்கிக் குத்தினேன். பல் ஒன்று என் விரலில் கீறிக்கொண்டு போனது. அவர் பீரோமேல் போய் விழுந்தார். நான் மிஷின் முன்னால் பாய்ந்து நின்றேன்.

"எம்பட பேரு குணசேகரன்" என்று கத்தினேன். "நான் ஜில்லா கலெக்டரு. இன்னைக்குத்தான் பொறந்தேன். கேக்குதா? கத்துதா அது? கத்தாது. அது நெசமுங் கண்டுபுடிக்காது, பொய்யுங் கண்டுபுடிக்காது. சூடானாக் கத்தும், ஆறுனா நிக்கும். பொய் சொன்னாக் கத்தும்னு சொன்னது நான். ஒரு வேலையச் செய்யாம டபாய்க்கறதுக்காவச் சொன்னேன். திங்கக்கெழம வெள்ளையன் ரெண்டாவதாப் பேசுனான். அவ்வளவுதான் அவன் செஞ்ச தப்பு. நீங்க யார் ரெண்டாவது பேசியிருந்தாலும் கத்தியிருக்கும். அவன் கைய ஒடச்சது இவருதான். புடிச்சது இவனுக நாலு பேரு. நின்னு பாத்தது நீங்க."

முதல் அடி காதில் விழுந்தது. யார் அடித்தது என்று பார்க்கவில்லை. அப்புறம் எண்ண முடியவில்லை. நான் பொய் சொன்னதற்காக அவர்கள் அடிக்கவில்லை, இது எனக்கு அப்போதே தெரியும். மிஷின் சாமியாக இருக்கும்வரை வெள்ளையனின் கைக்குச் சாமி பொறுப்பு. அது வெறும் விசிறி என்றால் அந்தக் கைக்கு அவர்கள் பொறுப்பு. அதற்காக அடித்தார்கள். என்னை மேஜையோடு சேர்த்துக் கவிழ்த்தார்கள். கேபினட் என் மார்பில் விழுந்து விலாவில் ஏதோ ஒடிந்தது. வயிற்றில் மிதித்தார்கள். ஒருவன் என் தலைமுடியைப் பிடித்து முகத்தைச் சிமென்ட் தரையில் மோதினான், முன்பல் இரண்டும் போயின. குணசேகரன் எழுந்து வந்து, நிதானமாக, குதிகாலால் என் வலது முழங்கையை மிதித்துத் திருகினார். நான் அலறியதை நானே கேட்டேன். பக்கத்தில் கவிழ்ந்து கிடந்த மிஷின் வயர் அறாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சின்னச் சத்தம்கூட வரவில்லை.

சென்றாயன் தடியைச் சுழற்றிக்கொண்டு உள்ளே புகுந்தார். சொந்த ஆட்களின் முதுகிலும் மண்டையிலும் மாறி மாறிப் போட்டார். "போதும், அக்கட்டால போங்கடா" என்று அவர் சொன்னதை முதலில் யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவனுக்கு நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் வழிந்த பிறகுதான் விலகினார்கள். அதுவரை அவர் ஊரை அடித்ததில்லையாம்.

"நானும் பாத்துட்டுத்தான் நின்னேன்" என்றார் குனிந்து என்னிடம். "போலீசு வந்தா அதச் சொல்லுவேன். இப்ப நீ எந்திரி."

மிளகு ஏற்றப் போகிற ஜீப் ஒன்றை அவரே நிறுத்தி, வெள்ளையனையும் பாப்பாயியையும் என்னையும் பின்னால் ஏற்றி நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஒரு பக்க சீட்டில் வெள்ளையன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தான். எதிரே நான். நடுவே கீழே உட்கார்ந்து பாப்பாயி இரண்டு கையாலும் அவன் கையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவன் பல்லைக் கடித்தான், நானும் கடிக்கப் பார்த்தேன், பல் இல்லை. அந்த இரண்டு மூட்டை மிளகை யார் எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முப்பது வளைவு போல இறங்கிய பிறகு அவள் பேசினாள்.

"ஏனுங்க. காலையில ஒரு வேல செஞ்சீங்களே. அத மொதத் தடவ வந்தப்பவே செஞ்சிருந்தீங்கன்னா?"

"கத்தியிருக்காதுங்க."

"திங்கக்கெழமயும் கத்தியிருக்காதா?"

"கத்தியிருக்காதுங்க."

"அன்னைக்கு அதுக்கு வேணுங்கற சாமானம் கையில இல்லீங்களா?"

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள்.

"பையிலதான் இருந்துச்சுங்க."

"அந்த வேல முடிய எத்தன நேரமாவுமுங்க?"

"இருவது நிமிசம்."

அவள் வெள்ளையனின் கையைப் பார்த்தாள். துண்டுக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுபோல் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அதை மெதுவாக அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். ஜீப் குலுங்கியதில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் என் உடைந்த வாயில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். நான் முகத்தைத் திருப்பவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை. கன்னம், காது, வாய் என்று விழுந்துகொண்டே இருந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை ஓட்டினார்.

வெள்ளையன் கண்ணைத் திறந்தான்.

"உடு பாப்பா" என்றான். "உம்பட கை நோகும்."